மாப்பிள்ளை உள்ளே வரலாம்

போன வருஷம் ஐப்பசி மழையில் கேளம்பாக்கம் சந்திப்பே தண்ணீரில் நின்றுகொண்டிருந்த சமயம். என் மாமியாருக்கு இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். இதில் எனக்கும் ஒரு முக்கியமான வேஷம் உண்டு. வசனம் கிடையாது. அறைக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மாமியாரைப் பற்றி. செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். மாமனார் போன பிறகு, எழுபதைத் தாண்டியும், நிலத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்தக் கழனியில் நின்று கூப்பிட்டால் அடுத்த கழனியில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். அந்தக் குரல் என் முன்னால் மட்டும் வராது.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன ஒரே வார்த்தை ‘வாங்க’. மற்றதெல்லாம் சுற்று வழிதான். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம், “மாப்ளைக்கு இன்னொரு இட்லி வேணுமா கேளு” என்பார். மகள் இல்லையென்றால் கதவிடம் சொல்வார். கதவு இல்லாத இடத்தில் மாட்டிடம். ஒருமுறை அவர் வீட்டுக் கிணற்றடியில் நான் வழுக்கப் போனபோது, “அங்க பாசியா கீதுன்னு சொல்லக்கூடாதா?” என்று ஒரு கன்றுக்குட்டியைக் கண்டித்தார். கன்றுக்குட்டி யோசிப்பதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நான் வந்தால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சட்டென்று எழுந்துவிடுவார். மாப்பிள்ளை எதிரில் மாமியார் உட்காருவதில்லை என்பது அவர்கள் பக்கத்துப் பழைய மரியாதை. வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். உலகத்தில் வேறு யாரும் என்னைப் பார்த்து எழுந்ததில்லை. எங்கள் குடியிருப்பின் காவலாளிகூட என்னைக் கண்டால் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொள்வார். அதனால் மாமியாரின் மரியாதை எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நெஞ்செலும்பைத் திறந்து, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து ஒட்டி, பெரிய ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். நடக்க வேண்டும், மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், கையை ஊன்றி எழக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. இவற்றில் இருந்த ‘கூடாது’களை மட்டும் எங்கள் குடும்பம் பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அதோடு ஒரு வார்த்தை மாமியார் மனதில் மாட்டிக்கொண்டது. தைரியம் சொல்வதாக நினைத்து டாக்டர், எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மாமியாருக்குத் தெரிந்த கம்பி வேலிக்கம்பி. “நம்ம வேலிக்கம்பியே ரெண்டு மழைக்கு நிக்கல. இது இன்னா நிக்கும்?” என்று மகளிடம் கேட்டார். அன்றிலிருந்து ஒரு கையை நெஞ்சின் மேல் வைத்தபடி, கட்டு அவிழ்ந்துவிடாமல் மூட்டையைப் பார்த்துக்கொள்கிறவர் போல, அசையாமல் படுத்தே கிடந்தார்.

பார்க்க வந்த உறவினர்களும் ஆப்பிள் பையை வைத்துவிட்டு, அலுங்காமல் குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதையே நம்பினேன். நான் படித்த நாவல்களில் வரும் நோயாளிகள் எல்லாரும் ஜன்னலோரம் படுத்து, தூரத்து மலையைப் பார்த்து, நீண்ட வாக்கியங்களில் யோசித்தே குணமானவர்கள். எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர் பிளாக்கின் தண்ணீர்த்தொட்டி. மலை இல்லாதது ஒன்றுதான் குறை என்று நினைத்தேன்.

இதில் என் பங்குக்கு ஒரு தியாகமும் செய்தேன். என்னைப் பார்த்தால் அவர் எழுந்துவிடுவாரே, அதனால் அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி சுவரோரமாக நடந்தேன். தும்மல் வந்தால் பால்கனிக்குப் போய்த் தும்மினேன். ஒரு மருமகன் இதைவிட நல்லவனாக இருக்க முடியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் நாளுக்கு நாள் வாடினார். குரல் தேய்ந்தது. இருமல் வந்தது. இருமினால் நெஞ்சு பிளந்துவிடும் என்று பயந்து அதையும் பாதியில் விழுங்கினார். கால் வீங்கியது. உறிஞ்சினால் மூன்று பந்துகள் மேலே ஏறும் மூச்சுக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அது அங்கேயிருந்து எங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சு நன்றாக ஆறிவருகிறது, நுரையீரலின் அடியில்தான் சளி கட்டுகிறது, இப்படியே படுத்திருந்தால் காய்ச்சல் வந்து திரும்பவும் சேர்க்கவேண்டியிருக்கும், இந்த வயதில் அது நல்லதில்லை என்றார். திரும்பி வரும்போது என் மனைவி காரில் சத்தமில்லாமல் அழுதாள். பின்சீட்டில் இருந்த மாமியார் கண்ணாடியிடம் சொன்னார்: “நெல்லு அறுப்புக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்னு பாத்தேன். இனிமே எங்க.”

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார். மாமல்லபுரம் பக்கத்துப் பெண், மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் வந்திறங்கினார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கட்டில், நாலு பக்கமும் தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் மணி. “இன்னா சார், அம்மாவ ஷோகேஸ்ல வெச்சிக்கினு கீறீங்க?” என்றார்.

பிறகு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். அது வேலிக்கம்பி இல்லை, துருப்பிடிக்காது, எலும்பு தானாகவே கூடிவிடும், படுத்திருந்தால் அது சீக்கிரம் கூடப் போவதில்லை, நுரையீரலும் காலும்தான் கெடும் என்றார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமக் காட்டினார். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தப் பெண் தாங்கிப் பிடிக்க, நாற்காலிக்கு மாறி உட்காரவும் செய்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தானாக எழுந்து நில்லுங்கள் என்றால், “கம்பி அறுந்துடும் கண்ணு” என்றார். கெஞ்சியும் ஆகவில்லை, மிரட்டியும் ஆகவில்லை.

நான் வெளியே கூடத்தில் இருந்தேன். பிழை திருத்த வேண்டிய தாள்கள் மடியில் இருந்தன. மூக்குக்கண்ணாடியை மனைவி அந்த அறை அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள். உள்ளே பேச்சுச் சத்தமும் நின்றிருந்தது. படுத்துவிட்டார் போலிருக்கிறது, ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நுழைந்தேன்.

மாமியார் எழுந்து நின்றார்.

இரண்டு கையும் முந்தானையை இழுத்து நெஞ்சின் குறுக்கே பிடித்துக்கொண்டன. உடம்பு முன்னால் சாய்ந்தது. பாதங்கள் தரையை அழுத்தின. நாற்காலிக் கைப்பிடியைத் தொடவே இல்லை. நின்ற பிறகுதான், தான் நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. “வாங்க” என்றார், கொஞ்சம் திகைப்போடு.

நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பிசியோ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாரிலாம் வேணாம். வெளிய போயி, அம்மா உக்காந்ததும் திரும்பி வாங்க” என்றார்.

போனேன். வந்தேன். மாமியார் திரும்பவும் எழுந்தார். பிசியோ அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், மூச்சைக் கவனித்தார், போதும் என்று உட்கார வைத்தார். அப்புறம் என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்து விளக்கினார். அவ்வளவு நேரமாக அவர் கெஞ்சிக்கொண்டிருந்த பயிற்சியே இதுதானாம். கையை ஊன்றாமல், நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு, கால் பலத்தில் எழ வேண்டும். “நா சொன்னா எழுந்துக்கல, உங்கள பாத்தா எழுந்துக்கிறாங்க. அதனால இனிமே நீங்கதான் சார் எக்ஸர்சைஸ். ஒரேடியா போயி தொல்ல பண்ணாதீங்க. நடுவுல ரெஸ்ட் குடுத்து குடுத்து போங்க. தல சுத்துது, நெஞ்சு வலிக்குது, மூச்சு வாங்குதுன்னா உடனே நிறுத்திட்டு போன் அடிங்க.”

என் வாழ்க்கையில் என் வருகைக்கு மருத்துவப் பயன் ஏற்பட்டது அதுதான் முதல்முறை.

அறைக்குள் போவதற்குக் காரணம் வேண்டுமே. கண்ணாடிக்காகப் போனேன். சார்ஜருக்காகப் போனேன். அகராதிக்காகப் போனேன். மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தேன். காரணங்கள் தீர்ந்துபோனதும் சுவரில் இருந்த பல்லியை விசாரிக்கப் போனேன். நாடகத்தில் காவலாளி வேஷம் கட்டியவன் ராஜா முன்னால் வந்து வணங்கிவிட்டுப் போவான் இல்லையா, அதே மாதிரிதான். என்ன, எங்கள் நாடகத்தில் ராஜாதான் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார்.

ஒரு வாரம் போயிருக்கும். மனைவி வங்கி வேலை முடிந்து வந்ததும் மாமியார் கேட்டாராம்: “உன் வூட்டுக்காரருக்கு இன்னாம்மா ஆச்சி? வர்றாரு, செவுத்த பாக்கறாரு, போறாரு. மறதி நோவா? என்னிய இட்டுகினு போன டாக்டராண்டயே அவரையும் காட்டிடு.” மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு, காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இருமலுக்குத் தைரியம் வந்தது. தலையணையை அணைத்துக்கொண்டு இருமினார், சளி வெளியே வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த மூச்சுக் கருவி கைக்கு வந்தது. ஒருநாள் நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே யாரோ சண்டை போடும் சத்தம். ஏரித் தண்ணீர் முறை விஷயமாக ஊர்க்காரர் ஒருவரை மாமியார் போனில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டு நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்தது நடை. வீட்டு வாசலுக்கு வெளியே எங்கள் தளத்தில் நீளமான தாழ்வாரம் இருக்கிறது. அதில் மெதுவாக நடக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்றார் பிசியோ. பேச்சு தடங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மனைவி வேலைக்குப் போய்விடுவாள். துணைக்கு நடக்க நான்தான். என்னிடம் பேசவே மாட்டாரே என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மாமியார் வழி கண்டுபிடித்தார். தாழ்வாரத்தில் ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கும். அதனிடம் பேச ஆரம்பித்தார். “ஒரு வூட்டுக்கு இன்னாத்துக்கு இத்தினி செருப்பு?” என்று சிலிண்டரைக் கேட்டார். சிலிண்டர் சார்பில் நான் பதில் சொன்னேன். மறுநாள் கடலைக்குக் களை எடுப்பதைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த நாட்களில் மாமனாரைப் பற்றிச் சொன்னார். அவர் இறந்த வருஷம், பொம்பள என்ன பயிர் வைக்கப் போகிறாள் என்று ஊரில் சிரித்தவர்களுக்கு எதிரில் முதல் நாற்று நட்டதைச் சொன்னார். “அன்னிக்கி கால் நடுங்கினது யாருக்கும் தெரியாது” என்றார். அதையும் சிலிண்டரிடம்தான் சொன்னார். இருபது வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

ஒருநாள் காலை அப்படி நடந்துகொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. இத்தனை வருஷமாக அவருடைய மௌனம் எனக்கு மரியாதையாகத்தான் தெரியும். அன்று அது வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார். பிசியோ சொன்னபடி வழியில் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் கை என் மேல் பட்டதே அன்றுதான். இன்னொரு கையால் பிசியோவுக்கு போன் அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாத்திரையைக் குறைத்தால் போதும் என்றார்கள். இன்று ஓய்வு, நாளையிலிருந்து மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார்கள். பிசியோவும் போனில் அதையேதான் சொன்னார்: “மாத்திரையால வந்தது சார், நடையால இல்ல. நாளைக்கி நீங்க பாட்டுக்கு உள்ள போங்க.”

போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கல்லவா கால் வரவில்லை. மறுநாள் காலை அந்த அறை வாசலில் நின்றேன். நான் உள்ளே போனால் அவர் எழுவார். எழுந்து திரும்பவும் தலை சுற்றினால்? போகாவிட்டால் படுத்தே இருப்பார். படுத்தே இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பார்க்கலாமா என்று அவள் கேட்டிருந்தால் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். அவள் கேட்கவில்லை. நான் போகவுமில்லை, திரும்பவுமில்லை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் குரல் வந்தது. மகளைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து இல்லை.

“இன்னா மாப்ள, வாசல்லயே நின்னுகினு? வாங்க, போவலாம்.”

முந்தானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார். நான் நுழைவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருந்தார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவளும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள்.

தை மாதம் வந்ததும் நடையை நீட்டலாம் என்றார்கள். குடியிருப்பைச் சுற்றி வரலாமே என்றேன். வேலையில்லாமல் சுற்றுவதற்குத் தான் என்ன செக்குமாடா என்று மறுத்துவிட்டார். நடப்பதென்றால் போய்ச் சேர ஒரு இடம் வேண்டும், அங்கே ஒரு காரியம் வேண்டும். மாமல்லபுரத்தில் கல் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு அம்மி பார்க்கலாம் என்றேன். உடனே கிளம்பினார். பட்டறை பட்டறையாக நின்று நடந்து, உளிச்சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஒவ்வொரு அம்மியையும் குறை சொன்னார். எதுவும் வாங்கவில்லை. வாங்கும் உத்தேசமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பாதி வழியில் எனக்குத்தான் முடியவில்லை, பாதி செதுக்கிய ஒரு யானையின் முதுகில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் திரும்பி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அதுக்குள்ளவா? பேசிக்கினே நடங்க மாப்ள. பேச்சு தடங்கினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

அறுப்புக்குச் சில நாள் முன்னால், டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, அவரை ஊரில் கொண்டுபோய் விட்டோம். கனமாக எதையும் தூக்குவதில்லை என்று மகளிடம் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு நான் உள் அறையில் சாய்ந்திருந்தேன். வாசலில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, உட்காரக்கா, அலுங்காதே என்று உபசரித்துக்கொண்டிருந்தார். மாமியார் உட்காரவில்லை. நின்றபடியே தன் கதையைச் சொன்னார். மாப்பிள்ளை அறைக்குள் வந்து வந்து போனதை நடித்தே காட்டினார். பல்லியைப் பார்த்ததையும் விடவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்காக வருகிறார் என்று உனக்குத் தெரியவே இல்லையா அக்கா என்று அந்த அம்மாள் கேட்டார்.

“தெரியாம இன்னா? மொத நாளே தெரியும்” என்றார் மாமியார். “நெஞ்சு அறுந்துடும்னு உள்ளுக்குள்ள உதறல்தான். ஆனா அந்த மனுசன் பொழப்ப வுட்டுட்டு, ஒண்ணுமில்லாததுக்கு வந்து செவுத்த பாத்துகினு நிக்கறாரு. நாம எழுந்துக்கலன்னா அவரு முகம் இன்னாத்துக்கு ஆவும், சொல்லு?”

நான் கண்ணை மூடித் தூங்குவது போலவே படுத்திருந்தேன். அவருடைய மரியாதையைத் தந்திரமாகப் பயன்படுத்தி எழுப்பிவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவரோ உயிர்ப் பயத்தோடு, என் முகம் வாடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறார். இப்போதெல்லாம் உடம்பு சரியில்லாத பெரியவர் யாராவது என்னைப் பார்த்து எழ முயன்றால், எழுந்திருக்காதீர்கள் என்று சொல்ல வாய் வருவதில்லை. யாருக்காகவோ எழ வேண்டும் என்ற எண்ணம் ஒரு மனிதரைத் தூக்கி நிறுத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன், அந்த யாரோவாக இருக்கிற வேலையை இனி நான் வேண்டாம் என்று சொல்வதாக இல்லை.